ஹாரன் எப்போது ஒலிக்கும் என்று முன்பே சொல்லுங்கள்: குரூஸ் கப்பல் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

குரூஸ் கப்பல் நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கும், விருந்தினர் சேவை, சிறுவர் பிரிவு, பாதுகாப்புப் பிரிவு ஆகியவற்றைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஆட்டிசம் உள்ள சின்னக் குழந்தைகளோடு கப்பலேறும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம். மூன்றிலிருந்து எட்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளை மனத்தில் வைத்துப் படியுங்கள். சிலருக்குப் பேச்சு இன்னும் வரவில்லை. சிலர் பேசுவார்கள், பதற்றம் வந்தால் பேச்சு நின்றுவிடும். பெரிய பிள்ளைகளின் தேவைகள் வேறு, அவற்றை இங்கே கலக்கவில்லை.

கப்பல் பயணம் இந்தக் குழந்தைகளுக்குச் சரிப்படாது என்று பலர் சொல்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ஒரு முறை பெட்டியைப் பிரித்தால் போதும், ராத்திரிக்கு ராத்திரி படுக்கை மாறாது. அதே கேபின், அதே சாப்பாட்டு மேசை, கதவைத் தட்டும் அதே பணியாளர். ஊர் மாறினாலும் அறை மாறாத பயணம் வேறு எதிலும் எளிதில் கிடைப்பதில்லை. ஓட்டல் விட்டு ஓட்டல் மாறி, நடுவில் ரயிலும் விமானமும் பிடித்து அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்படியிருந்தும் முதல் நாள் மாலைக்குள்ளேயே பல குடும்பங்கள் களைத்துப்போகின்றன. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். கப்பலுக்கு வாரக்கணக்கில் முன்பே தெரிந்த ஒரு விஷயம், குழந்தையின் மேல் திடீரென்று வந்து விழுகிறது. அவசரகால ஒத்திகை எத்தனை மணிக்கு, கப்பலின் ஹாரன் எப்போது, எந்த நிகழ்ச்சியில் வெடிச்சத்தமும் விட்டுவிட்டு மின்னும் விளக்கும் உண்டு, எந்தத் துறைமுகத்தில் கப்பல் கரையோடு சேராமல் சிறு படகில் இறங்க வேண்டியிருக்கும், இவை எல்லாம் உங்கள் அட்டவணையில் ஏற்கெனவே இருக்கின்றன. அதை எங்கள் கையில் முன்னதாகக் கொடுங்கள் என்பதுதான் இந்த மடலின் கோரிக்கை. கீழே வருபவை பெரும்பாலும் அதிலிருந்து கிளைப்பவை.

ஒலி, ஒளி, தொடுதல், வாசனை ஆகியவற்றுக்கு மிகையாகவோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை 2013-இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு ஆட்டிசத்துக்கான அளவுகோல்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஆகவே காதைப் பொத்திக்கொண்டு தரையில் உருளும் குழந்தையைப் பார்த்து “அடம்” என்று உங்கள் பணியாளர் நினைத்தால், அது பயிற்சியில் உள்ள குறை.

அவசரகால ஒத்திகையை முதலில் எடுத்துக்கொள்கிறோம். அதிலிருந்து விலக்குக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற குரூஸ் கப்பல் பாறையில் மோதியபோது, அன்றைக்குத்தான் ஏறியிருந்த பயணிகளுக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸ் திருத்தப்பட்டு, கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்த வேண்டும் என்ற விதி 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த விதி எங்கள் பிள்ளைகளின் உயிருக்கும் சேர்த்துத்தான். நடத்தும் விதத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் நெருக்கியடித்து நிற்பது, அலாரத்தின் ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும், அதன் மேல் ஒலிபெருக்கியில் பல மொழி அறிவிப்பு. இந்தக் கலவையில் எங்கள் குழந்தைகள் எதையும் கற்பதில்லை. கற்பது ஒன்றே ஒன்று: அந்தக் கூடத்துக்குப் போகக் கூடாது என்பது. நிஜமான ஆபத்து வந்தால் அந்தக் கூடத்துக்குத்தான் அவர்களைக் கூட்டிப்போக வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள். கோவிட் காலத்தில் பல நிறுவனங்கள் முறையை மாற்றின. பாதுகாப்பு வீடியோவை போனிலோ கேபின் டிவியிலோ பார்த்துவிட்டு, அவசரத்தில் கூடும் இடத்துக்குத் தனியாகப் போய் கேபின் அட்டையைப் பதிந்துவிட்டு வரலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இதைவிட நல்ல மாற்றம் கப்பல் துறையில் சமீபத்தில் வரவில்லை. எதற்காகவும் பழைய முறைக்குத் திரும்பாதீர்கள்.

ஆனால் புதிய முறையிலும் அலாரம் ஒலித்துக் காட்டப்படுகிறது. அது ஒலிக்கத்தான் வேண்டும். அதன் ஒலிப்பதிவை உங்கள் செயலியிலோ இணையதளத்திலோ புறப்பாட்டுக்கு இரண்டு வாரம் முன்பே கிடைக்கச் செய்யுங்கள். வீட்டில் பெற்றோர் செய்யக்கூடியது இது: முதல் நாள் காதில் விழுந்தும் விழாத அளவில் ஐந்து விநாடி, குழந்தைக்குப் பிடித்த விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போது. முகம் சுளிக்காவிட்டால் மறுநாள் கொஞ்சம் கூட்டலாம். காதைப் பொத்தினால் பழைய அளவுக்கு இறங்கி, அங்கேயே இரண்டு நாள் நிற்க வேண்டும். வழக்கமாகப் போடும் சத்தம் தடுக்கும் ஹெட்ஃபோனோடு ஒரு சுற்று, அது இல்லாமல் ஒரு சுற்று. கப்பலில் ஒலிப்பது இதைவிடப் பல மடங்கு உரக்க இருக்கும், ஆனால் ஒலியின் வடிவம் பழகியிருக்கும். “ஏழு சின்னது, ஒரு பெரியது, அப்புறம் முடிந்துவிடும்” என்று குழந்தை எண்ணத் தொடங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதற்கு உங்கள் பக்கம் தேவைப்படுவது ஒரு ஒலிக்கோப்பும், கப்பலில் அலாரம் ஒலிக்கும் நேரமும்; அந்த நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் முன்பின் ஆகக் கூடாது. “மாலையில்” என்று சொன்னால் மாலை முழுவதும் ஹெட்ஃபோனை மாட்டியபடியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கூடும் இடத்தை, ஆட்கள் வந்து நிறைவதற்கு முன், கப்பலேறிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட்டு வர அனுமதியுங்கள். அந்த இடத்தின் படம், கேபினிலிருந்து அங்கே போகும் படிக்கட்டின் படம் ஆகியவற்றை முன்கூட்டியே தந்தால், படக்கதையாகத் தயாரித்துக் குழந்தைக்குத் தினமும் காட்டலாம். அவசரத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் அந்தப் படத்திலேயே பழக்க வேண்டும். லிஃப்டில் ஏற அவ்வளவு ஆசைப்படும் குழந்தைகள் பலர்.

லைஃப் ஜாக்கெட் அடுத்தது. சர்வதேச விதிப்படி 15 கிலோவுக்குக் கீழ் கைக்குழந்தை அளவு, 15-லிருந்து 43 கிலோவுக்குள் சிறுவர் அளவு, அதற்கு மேல் பெரியவர் அளவு. மொத்தப் பயணிகளில் குறைந்தது 10 சதவீதம் பேருக்குச் சிறுவர் ஜாக்கெட் இருக்க வேண்டும், குழந்தைகள் அதைவிட அதிகமாக இருந்தால் ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்க வேண்டும். ஆகவே ஜாக்கெட் கப்பலில் இருக்கிறது, கையில் கிடைப்பதுதான் தாமதமாகிறது. குழந்தையின் எடையை எங்களிடம் முன்பதிவிலேயே கேட்டு, ஏறும்போது கேபினில் தயாராக வையுங்கள். இந்த ஜாக்கெட்டில் எங்கள் குழந்தைகளைத் தொந்தரவு செய்யும் இடங்கள் மூன்று: மோவாயில் இடிக்கும் கெட்டியான நுரைப்பகுதி, தொடைக்கு நடுவே வரும் பட்டை, பக்கிள் மூடும்போது வரும் “க்ளிக்” சத்தம். முதல் நாள் படுக்கைமேல் கிடக்கட்டும். பிறகு மடியில். பிறகு கழுத்து வரை மூடிய சட்டைக்கு மேல் பத்து எண்ணும் வரை. இவ்வளவுக்கும் ஜாக்கெட் அறையில் இருந்தால்தான் நேரம் கிடைக்கும்.

கூடும் இடத்தின் எண் எழுதிய கைப்பட்டையைக் குழந்தைகளுக்குக் கட்டுகிறீர்கள். நல்ல ஏற்பாடு. மணிக்கட்டில் எதுவும் பட்டாலே பிய்த்தெறியும் குழந்தைக்கு அதைக் கணுக்காலிலோ, ஷூ லேஸில் கோத்தோ, சட்டையின் முதுகுப்புறத்தில் கை எட்டாத இடத்தில் ஒட்டியோ விட அனுமதி கொடுங்கள். “மணிக்கட்டில்தான் கட்ட வேண்டும்” என்று வாதாடும் பணியாளரால் கடைசியில் பட்டையே இல்லாமல் திரியும் குழந்தைதான் மிச்சம்.

இனி, நாங்கள் அதிகம் அஞ்சும் விஷயம். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சொல்லாமல் நழுவிப் போய்விடுவது. 2012-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 1,218 குழந்தைகளின் குடும்பங்கள் பங்கேற்றன. நான்கு வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது அப்படி நழுவ முயன்ற குழந்தைகள் அதில் 49 சதவீதம். இவர்களில் பலரைத் தண்ணீர் இழுக்கும். நாலாபுறமும் தண்ணீர் சூழ்ந்த இடத்தில் இதை எண்ணிப் பாருங்கள்.

கேபின் கதவை உள்ளிருந்து ஒரே அழுத்தில் திறக்க முடியும். தீ விபத்தை முன்னிட்டு அப்படித்தான் இருக்க வேண்டும், பூட்டு கேட்கவில்லை. பெற்றோர் கொண்டுவரும் கதவு அலாரத்தைத் தடுக்காமல் இருந்தால் போதும். பேட்டரியில் ஓடும் சின்னக் கருவி, இரண்டு துண்டு, ஒன்று கதவில், மற்றொன்று நிலையில். கேபின் சுவரும் கதவும் பெரும்பாலும் எஃகு என்பதால் காந்தத்திலேயே ஒட்டிக்கொள்ளும், துளையோ பசையோ வேண்டாம். பாதுகாப்புச் சோதனையில் இதை “தெரியாத மின்சாதனம்” என்று எடுத்து வைத்துவிடுவதும் நடக்கிறது. அனுமதிக்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. ஜிபிஎஸ் கைக்கடிகாரத்தை நம்பி வரும் பெற்றோருக்கும் ஒரு சொல்: எஃகுக் கூட்டுக்குள் ஜிபிஎஸ் சிக்னல் சரியாக நுழையாது. கதவு அலாரம் தருகிற முன்னறிவிப்பை அது தராது.

பால்கனி. அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டுக் கப்பல் பாதுகாப்புச் சட்டம் கைப்பிடிக் கிராதி 42 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்கிறது, ஏறக்குறைய 107 செ.மீ. பக்கத்தில் 45 செ.மீ. உயர நாற்காலி ஒன்று கிடந்தால், அதில் ஏறி நிற்கும் குழந்தைக்கு மிஞ்சும் தடுப்பு 62 செ.மீ. மட்டுமே. ஆகவே கேட்டவுடன் பால்கனி நாற்காலி, மேசை இரண்டையும் எடுத்துவிடுங்கள். கதவில் மேலே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இரண்டாவது தாழ் எந்தெந்தக் கேபின்களில் உண்டு, எவற்றில் இல்லை என்று முன்பதிவிலேயே காட்டுங்கள். ஏறும் பழக்கமுள்ள ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் பால்கனி கேபினை எடுக்காதீர்கள் என்பதே பெற்றோருக்கு எங்கள் அறிவுரை. திறக்க முடியாத சன்னல் உள்ள கேபினோ, உட்புறக் கேபினோ போதும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கிடைத்தால் ஆட்டமும் குறைவு.

காணாமல் போனால் தேடும் முறையை முதல் நாளே பேசி வைக்க வேண்டும். பெற்றோர் விரும்பினால், ஏறும்போதே பாதுகாப்புப் பிரிவில் குழந்தையின் படம், எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பான், எந்த இடம் அவனை இழுக்கும் என்பதைப் பதிந்துகொள்ளுங்கள். தேடும்போது முதலில் நீச்சல் குளங்களும் வெந்நீர்த் தொட்டிகளும், அடுத்து திறந்த தளங்கள், அடுத்து லிஃப்டுகள். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். சத்தத்துக்கு அஞ்சும் குழந்தை இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளும்.

சத்தம் பற்றி இன்னும் கொஞ்சம். உங்கள் டெக் வரைபடத்தில் எல்லாம் இருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் கேபினில் விடிகாலையில் சாய்வு நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்கும். முன்பகுதிக் கீழ்த்தளத்தில் கரை சேரும்போது கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் த்ரஸ்டர் அதிரும், நங்கூரம் போடும் துறைமுகங்களில் சங்கிலி இறங்கும். அரங்குக்கும் இரவு நடன அரங்குக்கும் மேலும் கீழும் உள்ள அறைகள், பணியாளர் கதவுக்குப் பக்கத்து அறைகள் ஆகியவற்றின் கதையும் உங்களுக்குத் தெரியும். இவற்றை ஒரு நிறம் தீட்டிக் காட்டுங்கள். தூக்கம் கெட்ட குழந்தைக்கு மறுநாள் எதுவுமே ஒத்துவராது.

பலத்த சத்தத்தோடு உறிஞ்சும் வெற்றிடக் கழிப்பறை பல குழந்தைகளுக்கு இடியைவிடப் பயம். மூடியை மூடி, குழந்தை வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகு அழுத்துவதுதான் வழி. பொது இடங்களில் ஒவ்வொரு தளத்திலும் ஒரு கழிப்பறையிலாவது கை உலர்த்தும் இயந்திரத்துக்குப் பதில் காகிதத் துண்டு வையுங்கள், அது எங்கே என்று சொல்லுங்கள்.

குழந்தைகளை விளையாட விடும் கிட்ஸ் கிளப்புக்கு வருவோம். டயப்பர் போட்ட குழந்தைகளைப் பொது நீச்சல் குளத்தில் விடக் கூடாது என்ற விதியை நாங்கள் முழுமையாக ஏற்கிறோம். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களில் அந்நாட்டு நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி-யின் சுகாதாரத் திட்டமே அதை வலியுறுத்துகிறது. நீச்சல் டயப்பர் மலத்தைத் தடுத்தாலும் கிருமியைத் தடுக்காது. ஆனால் கிளப் அறையில் நீச்சல் குளம் இல்லை. கழிப்பறைப் பழக்கம் வராத ஐந்து வயதுக் குழந்தையை அங்கே திருப்பி அனுப்புவதற்குச் சுகாதாரக் காரணம் சொல்ல முடியாது. பெற்றோருக்குப் பேஜரோ போனோ கொடுத்து, தேவைப்பட்டால் வந்து மாற்றச் சொன்னால் போதும். ராயல் கரீபியன் குரூஸ் நிறுவனம் தன் ஆட்டிச நட்புத் திட்டத்தில் இந்த விதிவிலக்கையும், வயதைப் பார்க்காமல் திறனைப் பார்த்துக் குழுவில் சேர்ப்பதையும் கொண்டுவந்தது. மற்றவர்களும் செய்யலாம். குழுவில் சேர்ப்பதற்கு முன் முதல் நாள் அரை மணி நேரம், விளையாட்டு தொடங்குமுன், பெற்றோரோடு காலி அறையைச் சுற்றிப் பார்க்க விடுங்கள். கூடவே ஒருவரை முழுநேரமும் உங்களால் தர முடியாது என்றால் அதை முன்பதிவிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அப்படி உதவியாளர்களோடு குழுவாகப் போவதற்கு 2007 முதல் இயங்கும் ‘ஆட்டிசம் ஆன் த சீஸ்’ போன்ற அமைப்புகளைக் குடும்பங்கள் நாட முடியும்.

நாங்கள் நிரப்பிக் கொடுக்கும் சிறப்புத் தேவைப் படிவம் கரையில் உள்ள அலுவலகத்தோடு நின்றுவிடுகிறது. கப்பலில் உணவு பரிமாறுபவருக்கும் கிளப் பொறுப்பாளருக்கும் அது எட்டுவதே இல்லை, ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது, அதுவும் குழந்தை கேட்டுக்கொண்டிருக்கும்போதே. படிவத்திலும் சக்கர நாற்காலி, ஆக்சிஜன், காது கேளாமை என்ற கட்டங்கள்தான் பெரும்பாலும். எந்தச் சத்தம் ஆகாது, எப்படித் தன் தேவையைத் தெரிவிப்பான், கட்டுப்பாடு இழந்தால் என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது, தொடலாமா கூடாதா: இந்த ஐந்தையும் ஒரே பக்கத்தில் கேட்டு, அந்தப் பக்கம் கேபின் பணியாளர், தலைமைப் பரிமாறுநர், கிளப் பொறுப்பாளர், பாதுகாப்பு அதிகாரி ஆகிய நால்வர் கைக்கும் புறப்பாட்டுக்கு முந்தைய நாளே போய்ச் சேரட்டும்.

மெல்ட்டவுன், அதாவது தாங்க முடியாமல் குழந்தை கட்டுப்பாடு இழப்பது, வந்தால் பணியாளர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வேடிக்கை பார்ப்பவர்களை நகர்த்துங்கள். அருகில் உள்ள இசையைக் குறையுங்கள். ஒருவர் மட்டும், சின்ன வாக்கியத்தில், பெற்றோரிடம் பேசுங்கள்: “என்ன வேண்டும்?” குழந்தையைத் தொடாதீர்கள், மிட்டாய் நீட்டாதீர்கள், பாதுகாப்புக் காவலரை வரவழைக்காதீர்கள். கார்னிவல் குரூஸ் நிறுவனம், ஒலி, ஒளி தாங்காதவர்களுக்காக இயங்கும் கல்ச்சர்சிட்டி அமைப்போடு சேர்ந்து பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்து, ஹெட்ஃபோன் முதலியவை அடங்கிய பைகளைக் கப்பலில் இரவலாகத் தருகிறது. வரவேற்கிறோம். அந்தப் பை எந்த மேசையில் கிடைக்கும் என்பது அந்த மேசையில் நிற்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சாப்பாட்டில் கேட்பது குறைவு: ஓரத்து மேசை, முதல் பந்தி, குழந்தையின் தட்டு முதலில், ஐந்து நாளும் அதே உணவு என்றாலும் முகம் சுளிக்காத பரிமாறல். மேசையில் டேப்லெட் வைத்திருக்கும் குழந்தையைப் பார்த்து “ஸ்கிரீனை மூடலாமே” என்று பணியாளர் சொல்லக் கூடாது. பல குழந்தைகளுக்கு அதில் உள்ள, பேச உதவும் செயலிதான் வாய். பெற்றோர் அந்தச் செயலி இணையம் இல்லாமல் ஓடுகிறதா என்று வீட்டிலேயே ஏரோப்ளேன் மோடில் சோதித்துவிட்டு வரவேண்டும். லேமினேட் செய்த படப் பலகை ஒன்றும் கூட இருக்கட்டும்.

ஏறும் நாளில் கேபின் மதியத்துக்குப் பிறகே தயாராகிறது, பெட்டிகள் மாலையில்தான் வருகின்றன. அதுவரை கூட்டம் நெரியும் பஃபேயைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. நூலகத்தையோ சீட்டாட்ட அறையையோ அந்த நான்கு மணி நேரத்துக்கு அமைதி அறையாக ஒதுக்குங்கள். பெற்றோரும் மருந்து, இரண்டு மாற்றுடை, குழந்தை விடாமல் பிடித்திருக்கும் அந்தப் பொம்மை, சீல் பிரிக்காத தின்பண்டம், சார்ஜர் ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைக்க வேண்டும். கேபினில் உள்ள மினிபாரின் குளிர்ச்சியை நம்பி மருந்து வைக்கக் கூடாது, மருந்துக்கான குளிர்பெட்டியை முன்பே கேட்டு வாங்க வேண்டும். கடல் கொந்தளிப்பில் வாய்ச்சொல் இல்லாத குழந்தை குமட்டுகிறது என்று சொல்லாது. வெளிறிய முகம், அடிக்கடி கொட்டாவி, எச்சில் ஊறுதல், திடீர் அமைதி ஆகியவற்றைப் பாருங்கள். கப்பல் மருத்துவர்களும் கவனிக்க: எரிச்சலைத் தணிக்கும் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்து எடுக்கும் குழந்தைக்குத் தூக்கம் வரவழைக்கும் குமட்டல் மாத்திரை சேர்ந்தால் மயக்கம் கூடும்.

கடைசி இரவில் பெட்டிகளைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்கிறீர்கள். ஒரு வாரமாகப் பழகிய அறை குழந்தையின் கண் முன்னே காலியாகிறது, மறுநாள் காலை நெரிசலில் அதன் விளைவு வெடிக்கிறது. பெட்டியைத் தாங்களே எடுத்துச் செல்லவும், இறங்கும் வரிசையில் முதலாகவோ கடைசியாகவோ தாங்களே தேர்ந்தெடுக்கவும் குடும்பங்களை விடுங்கள்.

இவற்றுக்குச் சட்ட அடிப்படையும் உண்டு. 2006-ஆம் ஆண்டு ஐ.நா. மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு பொழுதுபோக்கிலும் சுற்றுலாவிலும் பங்கேற்கும் உரிமையைப் பேசுகிறது. அமெரிக்கக் கடற்பகுதியில் உள்ள வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களுக்கும் அந்நாட்டு மாற்றுத்திறனாளர் சட்டம் பொருந்தும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 விதி, கடல் பயணத்தில் உதவி கேட்கும் மாற்றுத்திறனாளிப் பயணி இரண்டு வேலை நாள் முன்பு தெரிவித்தால் போதும் என்கிறது.

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பக்கம் வெளியிடுங்கள்: அலாரம், ஹாரன் ஒலிப்பதிவும் நேரமும், கூடும் இடத்தின் படங்கள், சத்தம் குறித்த டெக் வரைபடம், மேல்தாழ் உள்ள பால்கனி எண்கள், கிளப்பின் கழிப்பறை விதி, சிறு படகில் இறங்கும் துறைமுகங்கள், கப்பலில் இதற்குப் பொறுப்பான பதவியும் தொடர்பு எண்ணும். எல்லாம் சேர நாளாகும் என்றால் ஒலிப்பதிவிலிருந்து தொடங்குங்கள். அதை எடுக்க அடுத்த புறப்பாட்டு ஒத்திகையின்போது டெக்கில் ஒரு போனைப் பிடித்து நின்றால் போதும். எந்தக் கப்பலில் எப்போது கிடைக்கும் என்று பொதுவில் பதில் எழுதுங்கள். பள்ளி விடுமுறைப் பயணங்களுக்கு முன்பதிவு செய்திருக்கும் குடும்பங்கள் இப்போதே பழக்கத் தொடங்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோரும் தெரபிஸ்டுகளும்